அதிகாரத் துறவு: இயக்குதளங்களில் அடையாள மரபு

ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்ட நாள்முதல், ஒரு காரியத்தைச் செய்ய முற்படுபவர் யார், அதைச் செய்யும் உரிமை அவருக்கு உண்டா என்ற இரு வினாக்களுக்கும் விடை காணும் பொறுப்பு இயக்குதளத்தைச் சார்ந்தது. இந்த மரபில் கிளைத்த சம்பிரதாயங்கள் பல. அதிகாரத்தை அளிப்பதில் அவை காட்டிய சாதுரியம் போற்றத்தக்கதே. ஆயினும் ஒரு சம்பிரதாயத்தின் தராதரத்தை நிர்ணயிக்க வேண்டுமாயின், அதில் ஒரு நிரல் தன் வேலை முடிந்தபின் பெற்ற அதிகாரத்தை மீளமுடியாதபடி துறக்க இயலுகிறதா என்பதையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வுக்கூடமும் 1965-ஆம் ஆண்டளவில் கூடித் தொடங்கிய மல்டிக்ஸ், பயனரின் பெயர், அவர் பணிபுரியும் திட்டம், அவர் நுழைந்த விதம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே அடையாளமாக்கி, சேமித்த ஒவ்வொரு பொருளுக்கும் இன்னின்னாருக்கு இன்ன உரிமை என்ற பட்டியலை வகுத்தது. அந்த முயற்சியிலிருந்து 1969-இல் விலகிய பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் படைத்த யூனிக்ஸோ எளிமையையே விரதமாகக் கொண்டது. இயக்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குப் பயனர்களின் பெயர்கள் தெரியா, எண்கள் மட்டுமே தெரியும். பூஜ்யம் என்ற எண்ணை உடையவர் ரூட், அவருக்குத் தடை ஏதுமில்லை. 1971-இன் முதற்பதிப்பில் கோப்பின் உடைமையாளர், ஏனையோர் என்ற இரு பிரிவுகளே இருந்தன. குழு என்ற மூன்றாவது பிரிவு சில ஆண்டுகளுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலாகிய பிராசஸுக்குத் தனியே ஓர் எண் உண்டு. அது ‘எந்தப் பிராசஸ்’ என்பதை மட்டும் கூறுமேயன்றி ‘யார் பொருட்டு’ என்பதைக் கூறாது. பின்னதைத் தாய்ப் பிராசஸிடமிருந்து சேய்ப் பிராசஸ் பிதிரார்ஜிதமாகப் பெறுகிறது. ஆனால் தம் கடவுச்சொல்லை மாற்ற விரும்பும் சாதாரணப் பயனர், ரூட்டுக்கே உரிய கோப்பில் எழுதியாக வேண்டுமே! இந்தச் சிக்கலுக்கு ரிட்சி கண்ட தீர்வு செட்யூஐடி. அந்தக் குறியைத் தாங்கிய நிரலை எவர் ஓட்டினாலும், நிரலின் உடைமையாளருக்குரிய அதிகாரம் அதற்கு வாய்க்கும். எஜமானரின் முத்திரையோடு காரியஸ்தர் கையெழுத்திடுவது போன்றது இது. இதற்காகவே, ஓட்டியவர் யார் என்பதை உணர்த்தும் மெய் அடையாளமும், எவருடைய அதிகாரத்தால் நடக்கிறது என்பதை உணர்த்தும் செயல் அடையாளமும் ஒரே பிராசஸில் அருகருகே அமைந்தன. 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் காப்புரிமை பெற்ற இந்த யுக்தி, பின்னர்ப் பொதுமக்களுக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

பெற்ற அதிகாரத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பது எப்படி என்ற இடத்தில்தான் மரபு இரண்டாகப் பிளந்தது. யூனிக்ஸின் ஒரு கிளையான சிஸ்டம் ஃபைவ் சம்பிரதாயத்தார், பழைய அதிகாரத்தை நினைவில் வைத்திருக்கச் ‘சேமித்த அடையாளம்’ என்ற மூன்றாவதொன்றைச் சேர்த்தனர். பெர்க்லியில் 1983-இல் வெளிவந்த மற்றொரு கிளையான 4.2 பிஎஸ்டியோ, மெய் அடையாளத்தையும் செயல் அடையாளத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள வழிசெய்ததோடு, ஒருவர் ஒரே சமயத்தில் பல குழுக்களின் உறுப்பினராய் விளங்கவும் இடமளித்தது. இரண்டையும் சமரசப்படுத்த முயன்ற 1988-இன் போஸிக்ஸ் தரநிலை, வேற்றுமையை நீக்கவில்லை. அதன் விளைவு இன்றும் காணக்கிடக்கிறது: ரூட் அல்லாத ஒருவருக்குரிய செட்யூஐடி நிரல் தன்னை ஓட்டியவரின் நிலைக்குத் திரும்புமாறு, குறியின் பெயரையே தாங்கிய செட்யூஐடி அழைப்பைக் கெர்னலுக்கு விடுத்தால், ஃப்ரீபிஎஸ்டியில் மூன்று அடையாளங்களும் மாறுகின்றன, லினக்ஸிலோ செயல் அடையாளம் மட்டுமே மாற, சேமித்த அடையாளத்தில் பழைய அதிகாரம் உயிரோடிருந்து, மீண்டும் எழக் காத்திருக்கிறது.

துறவுக்கு ஒரு கிரமமும் உண்டு. முதலில் துணைக் குழுக்களையும், அடுத்துக் குழு எண்ணையும், கடைசியில்தான் பயனர் எண்ணையும் கைவிட வேண்டும். ரூட் நிலையை முதலிலேயே இழந்த பிராசஸுக்கு, மற்றவற்றை நீக்கிக்கொள்ளும் உரிமையும் உடன் போய்விடும். அழைப்பு வெற்றி பெற்றதா எனச் சோதிப்பதும் இன்றியமையாதது. ரூட்டின் சர்வாதிகாரத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கும் உன்னத நோக்கத்துடன் லினக்ஸ் 2.2 ஏற்றுக்கொண்ட கேப்பபிலிட்டி முறையில் இருந்த பிழையொன்றால், சாதாரணப் பயனரே, ரூட் அதிகாரத்தோடு ஓடும் அஞ்சல் நிரலான சென்ட்மெயிலிடமிருந்து துறக்கும் சக்தியைப் பறித்துவிட முடிந்தது. துறவு பலிக்கவில்லை என்பதைச் சோதித்தறியாத சென்ட்மெயில் ரூட்டாகவே தொடர்ந்து ஓடியது. 2000-இல் வெளிப்பட்ட இந்தப் பிழை கெர்னலின் 2.2.16 பதிப்பில் திருத்தப்பட்டது.

பிற சம்பிரதாயங்களும் அறியத்தக்கவை. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, பயனர், குழுக்கள், விசேஷ உரிமைகள் அனைத்தையும் ஒரு டோக்கனில் அடக்கி, சர்வர் பிராசஸின் ஓர் இழையாகிய த்ரெட் மட்டும் வாடிக்கையாளரின் அடையாளத்தைப் பூண்டு பணிசெய்து திரும்பவும் வகைசெய்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் பிளான் 9-இலோ ரூட்டும் இல்லை, செட்யூஐடியும் இல்லை. எந்தப் பிராசஸும் யாருடைய அனுமதியுமின்றி ‘நன்’ என்னும் உரிமையற்ற பயனராகத் தாழலாம். மேலே ஏறுவதற்கோ தகுந்த சான்று வேண்டும். துறவை எளிதாக்கி ஏற்றத்தை அரிதாக்கிய இந்த அமைப்பு, நான் கூறிய பிரமாணத்துக்கு மிக அருகில் நிற்பது.

யூனிக்ஸ் மரபு அந்தத் தெளிவைப் பையப்பையவே எய்தியது. ஹாவ் சென், டேவிட் வாக்னர், ட்ரூ டீன் மூவரும் 2002-இல் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, சொலாரிஸ் ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து, மூன்று அடையாளங்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் செட்ரெஸ்யூஐடி அழைப்பே ஐயத்துக்கு இடமற்றது என்று காட்டினர். அதைப் போஸிக்ஸ் ஏற்றுக்கொண்டது 2024-இல்தான். தாமதமே எனினும் அது சரியான முடிவு. இனி நிரல் எழுதுவோர், தம் நிரல் எதைப் பெறுகிறது என்பதில் செலுத்தும் கவனத்தில் பாதியையேனும், எதை எப்போது விட்டுவிடுகிறது என்பதிலும், விட்டது உண்மையிலேயே விலகியதா என்பதிலும் செலுத்துவாராயின், இந்த மரபுக்கு அவர்கள் செய்யும் உயர்ந்த கைம்மாறு அதுவே.