‘தித்திக்கும்’ என்று யாராவது தேடுவார்களா?

தீபாவளி நெருங்கும்போது உங்கள் கைப்பேசிக்கு இப்படி ஒரு விளம்பரம் வந்திருக்கும்:

“தித்திக்கும் தீபாவளிக்குத் தித்திப்பான பலகாரங்கள்! தரமானவை, சுவையானவை, சுகாதாரமானவை. முந்துங்கள்! விலைக்குப் பி.எம். செய்யவும்.”

இது குறிப்பிட்ட யாருடைய விளம்பரமும் அல்ல. முகநூலிலும் படவரியிலும் புலனத்திலும் ஆண்டுதோறும் பார்ப்பவற்றின் சாயலில் நானே எழுதியது. விளக்கும் கோலமும் நிறைந்த ஒரு படத்தின்மேல் இந்த வரிகள் இருக்கும். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்காது. ஒரு செய்யுளை ஆராய்வதுபோல இதையும் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போமே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ‘தித்திக்கும் தீபாவளி’ என்பதில் மோனை இருக்கிறது, காதில் நிற்கிறது. சமூக ஊடகத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை ஒரு விநாடி நிறுத்த இது போதும். ஆனால், நின்றவருக்கு அடுத்து என்ன கிடைக்கிறது? மூன்று புகழ்ச்சிச் சொற்கள். ‘தரமில்லாதது, வாங்குங்கள்’ என்று யாராவது விளம்பரம் செய்வாங்களா? எல்லாரும் சொல்லக்கூடியதையே நாமும் சொன்னால், ஒன்றும் சொல்லாததற்குச் சமம்தான்.

இனி, தேடுபொறிக்கு வருவோம். சமூக ஊடகத்தில் விளம்பரம் ஆளைத் தேடிப் போகிறது. கூகுளில் ஆள் பொருளைத் தேடி வருகிறார். இந்த வேறுபாடு பிடிபட்டால் இணையச் சந்தைப்படுத்துதலில் பாதி புரிந்த மாதிரி. தேடி வருகிறவர் என்ன தட்டச்சு செய்வார்? ‘அச்சு முறுக்கு கிள்ளான்’, ‘நெய் உருண்டை விலை’. அதாவது பொருளின் பெயர், ஊர், விலை. நம் விளம்பரத்தில் இந்த மூன்றுமே இல்லை. ‘பலகாரங்கள்’ என்ற பொதுச்சொல்தான் இருக்கிறது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. எழுத்து முழுவதும் படத்துக்குள் இருக்கிறது. தேடுபொறி முதன்மையாக நம்புவது பக்கத்தில் தட்டச்சு செய்த எழுத்தைத்தான். அதோடு, புலன நிலைத்தகவல் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். முகநூல் பதிவும் சில நாளில் கீழே போய்விடும். கூகுள் வரைபடத்தில் கடைக்கு இலவசமாகத் திறக்கக்கூடிய வணிகப் பக்கமோ அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை. பதிவு அறிமுகம் செய்யட்டும்; பக்கம் காத்திருந்து பதில் சொல்லட்டும்.

எழுத்துக்கூட்டலையும் மறக்காதீர்கள். முறுக்கை ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களில் ஒரு ‘கே’ போடுகிறவரும் உண்டு, இரண்டு போடுகிறவரும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள், தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். விற்கிறவர் யாரும் தமிழில் எழுதாவிட்டால், தமிழில் தேடுகிறவருக்குச் செய்முறைக் குறிப்பு கிடைக்கும்; பக்கத்துத் தெருவில் முறுக்கு சுடும் அக்கா கிடைக்கமாட்டார். இராத்திரி பகலாக அடுப்படியில் நின்ற அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

‘விலைக்குப் பி.எம். செய்யவும்’ என்பது இருப்பதிலேயே பெரிய பிழை. மலேசியாவில், இணையத்தளத்திலோ இணையச் சந்தையிலோ பொருள் விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை, முழு விலை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2012-இலேயே விதிமுறை வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், விலை கேட்கவே கூச்சப்பட்டு நகர்ந்து போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அதே விளம்பரத்தை இப்படி மாற்றிப் பாருங்கள்:

“தித்திக்கும் தீபாவளிக்கு வீட்டில் சுட்ட அச்சு முறுக்கு. ஒரு டப்பாவில் 50. விலை 25 ரிங்கிட். கிள்ளானில் நேரில் பெறலாம். வெளியூருக்கு அஞ்சலில் அனுப்புவோம். முட்டை சேர்க்கவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு வரை முன்பதிவு செய்யலாம்.”

மோனை அப்படியே இருக்கிறது. புகழ்ச்சிச் சொற்கள் போய்விட்டன. ‘சுவையானது’ என்று சொல்லாமலே வாங்கத் தோன்றுகிறது, இல்லையா?

மாணவர்களே, இது உங்கள் கட்டுரைக்கும் பொருந்தும். ‘இணைய வணிகத்தின் நன்மைகள்’ என்று தலைப்பு கொடுத்தால், ‘இணையம் இன்றியமையாதது என்றால் அது மிகையாகாது’ என்று தொடங்குகிறோம். அது ‘தரமானவை, சுவையானவை’யின் தம்பி. ‘நன்மை வெள்ளிடைமலை’ என்று எழுதிவிட்டு நன்மையைச் சொல்லாமல் போனால், திருத்துகிறவர் எதற்குப் புள்ளி கொடுப்பார்? ‘கடை வாடகை கட்ட முடியாத ஒருவர், வீட்டு அடுப்படியிலிருந்தே ஜொகூரில் இருப்பவருக்கு விற்கலாம்’ என்று எழுதுங்கள். அது ஒரு கருத்து. அதை வளர்க்கவும் முடியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன நடவடிக்கை. மாணவர்களை வீட்டுக்கு வந்த மூன்று விளம்பரங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன, எவ்வளவு, எங்கே, எப்போது, யாரிடம் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று குழுவாகப் பார்க்கட்டும். பதில் இல்லாத விளம்பரத்தை அவர்களே திருத்தி எழுதட்டும். பிறகு, தாங்கள் கடைசியாக எழுதிய கட்டுரையின் முதல் பத்தியை எடுத்து, எந்த வரியை நீக்கினாலும் பொருள் குறையாதோ, அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.