ஆளில்லாத அழகு

சைக்கிளில் தீவு சுற்றி வந்து எழுதுகிற புத்தகங்கள் இங்கிலீஷில் ஒரு தனி வகையாகவே பெருகிவிட்டன. தேடிப் பிடித்துப் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் படித்து முடித்ததும் பெரும்பாலும் ஒரு குறை மனசில் தங்கிவிடுகிறது. அது என்ன என்று சொல்ல, இந்த வகை ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த பிரதேசம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில், வெளி ஹெப்ரிடீஸ் என்ற தீவு வரிசை இருக்கிறது. தெற்கே வாடெர்சே என்ற சின்னத் தீவில் தொடங்கி, வடக்கே லூயிஸ் தீவின் கோடியிலுள்ள கலங்கரை விளக்கம் வரையில், 185 மைலுக்கு ஒரு சைக்கிள் பாதையை 2016ல் திறந்தார்கள். வழியில் பத்துத் தீவுகள். ஆறு இடங்களில் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களில் சைக்கிளோடு கப்பல் ஏற வேண்டும். மரம் அபூர்வம். உலகத்திலேயே மிகப் பழைய பாறைகளில் ஒன்று அங்கே மேல்மண் இல்லாமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே எல்லோரும் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள், காற்று முதுகைத் தள்ளும் என்ற நம்பிக்கையில். காற்றுக்கு இந்த ஏற்பாடு தெரியாது.

காற்றைப் பற்றி எழுதும்போது இந்த ஆசிரியர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். இறக்கத்தில்கூட மிதித்தால்தான் நகரும் என்கிற எதிர்காற்று, பக்கவாட்டில் பறக்கிற மழை, தலைமுடிக்குள் புகுந்து கடிக்கிற பூச்சி, எல்லாம் கண்ணெதிரே வருகின்றன. அதற்கு மேல் என்ன வருகிறது? இன்றைக்கு எத்தனை மைல், எங்கே டயர் வெடித்தது, எந்த ஊரில் தேநீர் கிடைத்தது. ஆசிரியரின் முழங்காலைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு, வாடெர்சேயில் குடியிருக்கும் ஒரு மனிதரைப் பற்றி நமக்குத் தெரிவதில்லை.

முழங்கால் விஷயத்தை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. ஹாரிஸ் தீவின் மேற்குக் கரைக்கு வந்தவுடன் எல்லோரும் பேனாவை அழுத்தி எழுதத் தொடங்குகிறார்கள். வெள்ளை மணல், பச்சைக் கடல், அதற்குப் பின்னால் பூப்பூத்த மென்மையான புல்வெளி. மைல் கணக்கில் ஒரு ஆள் இல்லை! மனிதன் கை படாத பேரழகு என்று புளகாங்கிதம் அடைகிறார்கள்.

மனிதன் கை படாமலா அங்கே ஆள் இல்லாமல் போயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கரையிலிருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆட்டுப் பண்ணைக்கு நிலத்தைக் கொடுத்தார்கள் ஜமீன்தார்கள். கிளப்பப்பட்டவர்களில் பலர் அதே தீவின் கிழக்குக் கரைக்குப் போனார்கள். அங்கே பாறையைத் தவிர ஒன்றுமில்லை. கடற்பாசியையும் சதுப்பு மண்ணையும் முதுகில் சுமந்து வந்து, பாறை மேல் பாத்தி கட்டி, அதில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். செத்தவரைப் புதைக்க அங்கே ஆழமான மண் கிடையாது. ஆகவே பிணத்தைத் தோளில் சுமந்துகொண்டு மலையைத் தாண்டி மேற்குக் கரைக்கே வருவார்கள். உயிரோடு இருக்க இடம் கொடுக்காத மண்ணில் புதைக்க மட்டும் இடம் கிடைத்தது. அந்தப் பாத்திகளின் வரி வரியான மேடுகள் இன்றும் கிழக்குக் கரையில் தெரிகின்றன. மிதித்துக்கொண்டே போகிறவனுக்கு அவை புல் மூடிய மேடுகள். நின்று கேட்கிறவனுக்குத்தான் அவை வயல்.

பாதை தொடங்குகிற வாடெர்சேயையே பாருங்கள். 1853ல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து போனவர்களை ஏற்றிச் சென்ற 'ஆனி ஜேன்' என்ற கப்பல் அங்கேதான் உடைந்தது. சுமார் 350 பேர் இறந்தார்கள். கடற்கரையில் ஒரு நினைவுக் கல் நிற்கிறது. தீவு முழுவதும் ஒரே பண்ணையாக இருந்த காலத்தில், பக்கத்துத் தீவுகளின் நிலமில்லாக் குடியானவர்கள் உள்ளே புகுந்து குடிசை போட்டு உருளைக்கிழங்கு நட்டார்கள். 1908ல் பத்துப் பேரைச் சிறையில் போட்டார்கள். மறுவருஷம் சர்க்கார் அந்தத் தீவை விலைக்கு வாங்கிக் குடியானவர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. ஒரு நாவலுக்குப் போதும் இந்த விஷயம். நம் சைக்கிள் ஆசிரியர்களோ அந்த இடத்தில் சக்கரத்துக்குக் காற்றடித்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

பிரயாண இலக்கியத்தை அளக்க நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. ஆற்றுப்படைப் புலவர்கள் வழி சொன்னார்கள். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும் கிடைக்கும் என்றெல்லாம் வருகிறது. சோறு என்றால் சோறு மட்டுமா? அதை யார் இடுவார்கள், அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவர்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. வழி நடக்கிற பாணனின் கால்வலி அங்கே ஒரு விஷயமே அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துச் சைக்கிள் எழுத்தாளர்களில் பேர்பெற்ற இருவர் ஹெப்ரிடீஸைப் பற்றி எழுதிய நல்ல புத்தகம், அவர்கள் சக்கரம் இல்லாமல் போனபோது எழுதியது. ஜோசப் பென்னலும் அவர் மனைவி எலிசபெத்தும் அமெரிக்கர்கள். அவர் படம் போடுவார், அந்த அம்மாள் எழுதுவார். மூன்று சக்கர வண்டியில் ஐரோப்பாவைச் சுற்றி உல்லாசமான புத்தகங்கள் வெளியிட்டவர்கள். ஹெப்ரிடீஸுக்கு மட்டும் நடந்து போனார்கள். 1889ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் உல்லாசம் கிடையாது. மழை, அலுப்பு, ஜமீன்தார்களின் மேல் கோபம், புகை சூழ்ந்த குடிசைகள். நடை இன்பமாக இல்லை என்பதை அந்த அம்மாள் மறைக்கவே இல்லை. ஸ்காட்லாந்துப் பத்திரிகைகளில் கண்டனம் வந்தது. இயற்கைக் காட்சியை ரசிக்க வந்தவர்களுக்குக் குடியானவன் கஷ்டம் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ! சில இடங்களில் அம்மாள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தக் கோபம் இன்னும் சூடு ஆறவில்லை. அவருடைய உல்லாசப் புத்தகங்கள் ஆறிப்போய்விட்டன.

அவர்களுக்கு முன்னோடி, சைக்கிளே பிறக்காத காலத்தில் வந்த டாக்டர் ஜான்சன். 1773ல், அறுபத்து மூன்று வயசில், குதிரை மேலும் படகிலும் பக்கத்துத் தீவுகளைச் சுற்றினார். கூட வந்த பாஸ்வெல் ஸ்கை தீவில் ஒரு நடனத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பெயர் 'அமெரிக்கா'. ஒரு ஜோடி ஆடத் தொடங்க, அடுத்த ஜோடி சேர, இப்படியே எல்லோரும் சுழற்சியில் இழுபட்டுவிடுவார்கள். ஊர் ஊராக ஜனங்கள் கப்பலேறிப் போன கதையை அவர்கள் ஆட்டமாக்கி ஆடினார்கள். இந்த ஒரு பக்கத்துக்கு ஈடாக இன்றைய தீவுப் புத்தகங்கள் பத்தைக் கொடுத்துவிடலாம்.

சைக்கிள்தான் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. டெர்வ்லா மர்ஃபி என்ற ஐரிஷ் அம்மாள் 1963ல் ஐரோப்பாவிலிருந்து டில்லி வரை சைக்கிளில் வந்தார். 1965ல் வெளியான அவர் புத்தகம் முழுக்க மனிதர்கள்தாம். சைக்கிளுக்குச் சுவர் இல்லை, கண்ணாடி இல்லை. மழையில் நனைந்து வருகிறவனை யாரும் வாசலில் நிற்கவைப்பதில்லை. மோட்டாரில் வருகிறவனுக்குக் கிடைக்காத சலுகை அது. அதை வைத்துக்கொண்டு மைல் கணக்கு எழுதுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் அலுத்துக்கொள்கிற நாள் ஒன்று உண்டு: ஹாரிஸ், லூயிஸ் தீவுகளின் ஞாயிற்றுக்கிழமை. தெற்குத் தீவுகள் கத்தோலிக்கத் தீவுகள், சாலையோரத்தில் மாதா சிலை நிற்கும். வடக்கே கண்டிப்பான புராடஸ்டண்டுகள். பெரும்பாலான கடைகள் திறக்காது. லூயிஸின் ஸ்டோர்னவே துறைமுகத்திலிருந்து பெருநிலத்துக்கு 2009 வரையில் ஞாயிறன்று பயணிக் கப்பலே கிடையாது. ரொட்டி வாங்கிவைக்க மறந்த சைக்கிள்காரர் ஓர் அத்தியாயம் முழுக்கப் பொருமுகிறார். அன்றைக்கு அவர் செய்திருக்கக் கூடியது ஒன்று உண்டு. கோவில் வாசல் பக்கம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருக்கலாம். வாத்தியம் எதுவும் கிடையாது. ஒருவர் கேலிக் மொழியில் சங்கீதத்தின் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார். சபை முழுவதும் அதைத் தொடரும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் குரலை வளைத்து, ஒருவருக்கொருவர் காத்திராமல், மெதுவாக. இந்தப் பாட்டைக் கேட்டு நின்ற சைக்கிள்காரர் எழுதிய பக்கம் எங்காவது இருந்தால், அதைப் படிக்க எனக்கு ஆசை.