மருந்தும் விதியும்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சீன அறிஞர் ஹான் ஃபெய், லாவோ ட்சுவின் கருத்துக்களை விளக்கக் கையாண்ட கதைகளுள் மருத்துவர் பியன் சுவேயின் கதை புகழ் வாய்ந்தது. சாய் நாட்டு மன்னர் ஹுவானைப் பார்த்த மருத்துவர், தோலளவில் நோய் இருப்பதாக எச்சரிக்கிறார். நோயற்றவரைக் குணப்படுத்திப் பெயர் வாங்குவது மருத்துவர்களின் வழக்கம் என்று மன்னர் எள்ளுகிறார். பத்து நாட்களுக்கு ஒருமுறை எச்சரிக்கை தொடர்கிறது. நோயோ தசைக்கும், பின்னர் குடலுக்கும் இறங்குகிறது. நான்காம் முறை மன்னரைக் கண்டதுமே மருத்துவர் திரும்பி ஓடுகிறார். தோலுக்கு ஒத்தடம், தசைக்கு ஊசி, குடலுக்குக் கஷாயம் உண்டு. மஜ்ஜையில் புகுந்ததோ விதியின் ஆட்சிக்கு உட்பட்டது என்பது அவர் விளக்கம். ஐந்தே நாளில் மன்னருக்கு வலி கண்டது. மருத்துவர் நாட்டைவிட்டே போயிருந்தார். மன்னர் மாண்டார்.

வலியை இறுதியில் வைத்ததே இக்கதையின் வலிமை. வலியில்லாதவன் மருத்துவரை ஐயுறுவது மனித இயல்பு. ஆனால் மருந்து முடியுமிடத்தில் விதி தொடங்குவதாகக் கதை கூறுவதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மருந்து இறைவிதியைத் தடுக்குமா என வினவப்பட்டபோது, மருந்தும் இறைவிதியைச் சேர்ந்ததே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாகத் திர்மிதீ தொகுப்பில் காண்கிறோம். அவ்வாறாயின், மருத்துவரின் முதல் எச்சரிக்கையும் விதியே. அதனைப் புறக்கணித்துவிட்டுத் தக்தீர்மீது பழி சுமத்த எவருக்கும் உரிமையில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. பம்மலை அடுத்த தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை, சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்தது. காசநோயில் ஹுவானின் கதை தலைகீழாக நிகழ்கிறது. ஆறு மாதம் உண்ண வேண்டிய மருந்தில், சில வாரங்களிலேயே இருமல் தணிகிறது. உடல் தேறிவிட்டதென்று நோயாளி மருந்தை நிறுத்துகிறார். எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலைதூக்குகின்றன. மருந்துக்குப் பணியாதவையாகவும் மாறக்கூடும். ஹுவானின் பிடிவாதம் அவரைக் கொன்றது. இந்தப் பிடிவாதமோ ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளையும் தாக்குகிறது.

இத்தகைய நோயாளியை விட்டு ஓடாத மருத்துவமும் நம்மிடையே தோன்றியது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகத் தேறியதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. அதன் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். பியன் சுவே திரும்பி ஓடிய இடத்தில் இவர்கள் மீண்டும் கதவைத் தட்டினர்.

ஹான் ஃபெய் அரசர்களுக்காக எழுதினார். நாம் அக்கதையை நம் வீடுகளுக்காகப் படிப்போம்: நலம் தோன்றிய பின்னும் மருந்தை முடிப்பது இறைநம்பிக்கைக்கு மாறானதன்று, அதன் ஒரு பகுதியே.