'அடித்தான்' என்றால் வென்றானா?

பிடோக்கில் புளோக்குக்குக் கீழே பந்து விளையாடும் நம் பிள்ளைகள், "அவன் என்னை பீட் பண்ணிட்டான்" என்பார்கள். விளையாட்டில் அது போதும். அதே பிள்ளை கட்டுரைத் தாளில் "நண்பன் என்னை அடித்தான்" என்று எழுதினால், போட்டி சண்டையாகிவிடும். ஆங்கில 'பீட்' முரசையும் அடிக்கும், முட்டையையும் அடிக்கும், எதிராளியையும் ஜெயிக்கும். எழுத்துத் தமிழில் 'அடி'க்குத் தனியாக அந்தக் கடைசி வேலை கிடையாது. "அவரை அடிச்சிக்க ஆளில்லை என்கிறோமே?" என்று கேட்பீர்கள். அது மரபுத்தொடர், அதிலிருந்து 'அடித்தான்' என்பதை மட்டும் பிய்த்தெடுக்க முடியாது.

ஆனால் 'தோற்க' என்பதோடு 'அடி' சேர்ந்தால் கதை வேறு. தோற்கடி, நோகடி, திணறடி எல்லாம் ஒரே அச்சு. இங்கே 'அடி' என்பது 'செய்யவை' என்ற பொருளைத்தான் தருகிறது. ஒருவரை நோகடிக்கக் கை ஓங்க வேண்டியதில்லையே!

2016 ரியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலில் நம் ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் முதலாவதாக வந்தார். மைக்கல் ஃபெல்ப்ஸ் உட்பட மூவர் 51.14 விநாடியில் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஸ்கூலிங் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்தார். 2008இல் ஃபெல்ப்ஸ் படைத்த 50.58 விநாடி ஒலிம்பிக் சாதனையை முறியடித்தார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பீட்' போதும். தமிழில் ஆளைத் தோற்கடிக்கிறோம். படையை, சதியை, சாதனையை முறியடிக்கிறோம்.

செய்தித் தலைப்புகளுக்கோ 'வீழ்த்தினார்' மேல்தான் பிரியம். மல்யுத்தத்துக்கும் விக்கெட்டுக்கும் சரி. நீச்சலில் யார் விழுந்தார்? எல்லா வெற்றிக்கும் அதையே போட்டால் சொல் தேய்ந்துவிடும்.

இதைவிட ஆபத்தானது ஓர் உருபு. "ஸ்கூலிங் ஃபெல்ப்ஸ் வென்றார்" என்று எழுதினால் வென்றது யார்? ஆங்கிலத்தில் சொல்வரிசை சொல்லிவிடும். தமிழில் 'ஐ' சொல்ல வேண்டும். "ஃபெல்ப்ஸை ஸ்கூலிங் வென்றார்" என்று புரட்டினாலும் பொருள் மாறாது. ஐ இடம் மாறினால் தங்கப் பதக்கமே கைமாறிவிடும்.

'வெல்' போட்டியையும் ஏற்கும், ஆளையும் ஏற்கும். ஆங்கில 'வின்' போட்டியோடு நின்றுவிடும். அதனால்தான் "ஐ வான் ஹிம்" என்பதை ஆங்கில ஆசிரியர் சுழிக்கிறார்.

வாய்மொழித் தேர்வில் "ஜெயிச்சாரு", "அவருகிட்ட தோத்துட்டாரு" என்று தாராளமாகப் பேசுங்கள். எழுதும்போது அது 'தோற்றுவிட்டார்'. அவசரத்தில் 'தோற்றுவித்தார்' என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு உண்டாக்கினார் என்று பொருள்.