பயமும் பசியும்: ஒரு கணினி விளையாட்டை முன்வைத்து

கணினி விளையாட்டொன்றை இலக்கிய ஏட்டில் விமர்சிப்பதா என முகம் சுழிப்போர் இருக்கக்கூடும். எமது இளையோர் இரவிரவாக விழித்திருந்து ஈடுபடும் ஒரு வடிவத்தை அறியாமலே ஒதுக்குவது நியாயமாகாது. பின்லாந்தைச் சேர்ந்த மிரோ ஹாவெரினென் 2018இல் வெளியிட்ட 'பியர் அன்ட் ஹங்கர்' தீவிரமான வாசிப்பைக் கோரி நிற்கிறது. பெருநிறுவனங்களின் பின்பலமின்றி, எவரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய 'ஆர்பிஜி மேக்கர்' மென்பொருளில் செய்யப்பட்டது இது.

கதை சுருக்கமானது. லெகார்ட் என்னும் படைத்தலைவன் நிலவறைச் சிறையொன்றில் அடைபட்டிருக்கிறான். அவனைத் தேடிவரும் நால்வரில் ஒருவராக நாம் இறங்குகிறோம். வாசலில் நெடுநேரம் தயங்கி நின்றால் நாய்கள் வந்து குதறிவிடும்.

இவ்வகை விளையாட்டுகளில் எதிரியைக் கொல்லக் கொல்லப் புள்ளிகள் சேரும், வீரன் பலசாலியாவான். இங்கே அது கிடையாது. வென்றவனுக்கும் பெரும்பாலும் மிஞ்சுவது காயம். காயத்தில் தொற்று ஏறினால் மூலிகை வேண்டும். கிடைக்காவிட்டால் அவயவத்தையே அறுத்தெறியவேண்டும். அறுத்த கை அறுத்ததுதான். கட்டிலில் படுத்து உறங்கவும் நாணயம் சுண்டப்படுகிறது: பூவா, தலையா? இதற்கிடையில் பசி ஏறிக்கொண்டே போகும். பூதங்களைவிட எம்மை அச்சுறுத்துவது பையில் எஞ்சியிருக்கும் உணவுதான்.

கூண்டொன்றில் ஒரு சிறுமி இருக்கிறாள். பெயரில்லை, பேச்சில்லை. மீட்டால் கூடவே வருவாள். சண்டையில் அவளால் பெரிய உதவியில்லை. வழியில் பூனைமுகம் தரித்த ஒருவன் அவளுக்கு விலை பேசுகிறான். விளையாட்டு எம்மைத் தடுப்பதுமில்லை, கண்டிப்பதுமில்லை. இதுவே இந்தப் படைப்பின் உச்சமென்போம்.

எனினும் எமக்குக் கடுமையான மறுப்பொன்றுண்டு. பாலியல் வன்முறையைத் தோல்விக்கான தண்டனைகளில் ஒன்றாக இவ்விளையாட்டு வைத்திருக்கிறது. இழந்த காலோடு நாம் ஊர்ந்து செல்லவேண்டியிருக்கிறது. அந்த இழப்பின் பாரம் இறுதிவரை கூடவருகிறது. வன்புணர்வுக்கு உள்ளானவர் என்ன ஆனார் என்பதையோ அது கேட்பதாக இல்லை. அதிர்ச்சி தந்தால் போதுமென்று நின்றுவிடுகிறது. 'கொடிய உலகம் அப்படித்தான்' என்ற சமாதானத்தைப் போர் பற்றிய எமது எழுத்துகளிலேயே நாம் போதுமளவு கேட்டுவிட்டோம். கொடுமையைக் காட்டுவது வேறு, பாதிக்கப்பட்டவரை ஒரு தண்டனைக் கணக்காகக் குறுக்குவது வேறு. பசியில் இவ்வளவு நேர்மையாக இருந்தவர் இதில் தவறியிருக்கிறார்.

ஆகவே இதனை எல்லோருக்கும் பரிந்துரைக்க நாம் தயாரில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். உணவு தீர்ந்தபின்னும் சிறுமியை விற்காமல் கூட்டிச்சென்று, அந்த இருளில் நாம் இறந்தோம். மறுபடி இறங்கினோம். அப்போதும் விற்க மனம் வரவில்லை.