கம்பித் தளத்துக்குக் கீழே ஒரு கரடி

கனடாவின் சர்ச்சில் ஊரில் பனிக்கரடி பார்க்கப் பயணிகளை ஏற்றி ஓடும் டன்ட்ரா வண்டியின் அழகே அதன் பின்புறத் திறந்த மாடம்தான். தரை முழுக்க இரும்புக் கம்பி வலை. கீழே ஆளுயரச் சக்கரங்கள். அக்டோபர், நவம்பரில் ஹட்சன் விரிகுடா எப்போது உறையும் என்று பனிக்கரடிகள் கரையில் காத்துக் கிடக்கும். கோடையில் கடற்பனி உருகியதிலிருந்து அவற்றுக்குச் சரியான இரை இல்லை. வழிகாட்டி இன்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தப் பொறுமைதான் இந்தப் பயணத்தின் உயிர்! கரடி தானாக வரும். வண்டிக்கு அடியில் புகுந்து, கறுத்த மூக்கை நிமிர்த்தி, நம் காலணியை மோந்து பார்க்கும். மூச்சின் ஆவி கம்பி வழியே மேலேறும். போக நினைப்பவர்கள் தள்ளிப் போடாதீர்கள்; கடல் உறைந்ததும் கரடிகள் சீல் வேட்டைக்குப் பனிமேல் இறங்கிவிடும்.