ஆடு மட்டும் மேடையேறிய கதை

வைக்கம் முஹம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ நாவல் என்றுதான் அறியப்படுகிறது. ஆனால் அதில் வருகிறவர்கள் அவருடைய சொந்த வீட்டார். தலயோலப்பறம்பு வீடு, உம்மா, தம்பிமார் அப்துல் காதரும் ஹனீபாவும், தங்கச்சி பாத்துமா, அவள் மகள் கதீஜா எல்லாரும் தங்கள் பெயரோடேயே நடமாடுகிறார்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற காலத்தில், 1954இல் எழுதியதை, திருத்தி எழுதாமலே 1959இல் வெளியிட்டார். ‘பெண்களின் புத்தி’ என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. குளச்சல் யூசுப்பின் மொழிபெயர்ப்பில் எமக்கும் வாசிக்கக் கிடைக்கிறது.

அந்த இரண்டாவது பெயர்தான் மேடைக்கும் திரைக்கும் போகும் வழியில் தொலைந்து போகிறது.

திரையில் பஷீர் என்றதும் இரண்டு படங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, அவரே திரைக்கதை எழுதிய ‘பார்க்கவி நிலையம்’ (1964). மற்றது, அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘மதிலுகள்’ (1990). முதலாவதில் பேய்வீட்டில் குடியிருக்கும் எழுத்தாளன்; இரண்டாவதில் சிறையில் இருக்கும் எழுத்தாளன். இரண்டிலும் ஆண் தனித்திருக்கிறான். பெண்ணோ, ஒன்றில் இறந்துபோனவள். மற்றதில் மதிலுக்கு அப்பால் கேட்கும் வெறும் குரல். இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் பசியோடும் வாயோடும் வீடு நிறையப் பெண்கள் இருக்கும் பஷீரின் உலகம் அவற்றில் இல்லை.

மேடையில் நடப்பது வேறு. பஷீர் மறைந்த ஜூலை 5ஆம் நாளைக் கேரளப் பள்ளிக்கூடங்கள் பஷீர் தினமாகக் கொண்டாடுகின்றன. முக்காடு போட்ட சின்னப் பாத்துமாக்கள் ஆட்டோடு வருவார்கள். ‘பால்யகால சகி’யையும் ‘சப்தங்க’ளையும் ஆடு தின்றதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பஷீரைப் பழக்க நல்ல வழிதான். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கு: அந்த ஆட்டின் பால் எங்கே போனது?

நூல் அதைக் கணக்காகச் சொல்லுது. பாத்துமாவின் புருஷன் அவள் சகோதரர்களுக்குக் கடன்காரன். அவர்களின் வாயை அடைக்க அவள் பாலைக் கைக்கூலியாகக் கொடுக்கிறாள். அது போதாதென்று, உம்மாவும் வீட்டுப் பெண்களும் அவளுக்குத் தெரியாமல் களவாகக் கறக்கிறார்கள். களவெடுக்கிறவளும் ஏழை, களவு கொடுக்கிறவளும் ஏழை. வாசிக்கிற நாம் சிரிக்கிறோம். சிரித்து முடிய நெஞ்சுக்குள் என்னவோ செய்யுது. ஆட்டை மட்டும் மேடையேற்றினால் முதல் பாதிதான் கிடைக்கும்.

இந்தச் சிரிப்பு யாரையும் சிறுமைப்படுத்தாததற்குக் காரணம் கதைசொல்லி. வீட்டில் எல்லாரும் காசு கேட்டு அரிப்பது அவரைத்தான். தன் புத்தகத்தை ஆடு தின்னும்போதுகூட அவருக்குப் பெரிய கவலை கம்பளியைப் பற்றித்தான். முதலில் தன்னைப் பார்த்துச் சிரிப்பதால்தான் உம்மாவைப் பார்த்தும் சிரிக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. நாடகமாக்குகிறவர் அவரைத் தூக்கிவிட்டால், மிஞ்சுவது சண்டைபிடிக்கும் முஸ்லிம் பெண்கள் கூட்டம் மட்டுமே.

மூதூரிலும் சம்பூரிலும் இருக்கும் எமக்கு இது தூரத்துக் கதையல்ல. ஒரு கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருந்தால் ஒரு கோப்பைப் பால் என்ன பாடுபடும் என்பதை 2006இன் இடப்பெயர்வு இரு ஊராருக்கும் படிப்பித்தது. ஒரு வித்தியாசமும் இருக்கு. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படும். பாத்துமா எங்கட ஊர்க்காரியென்றால் வீடே அவளுடையதாக இருந்திருக்கும். புகுந்த வீடு தேடிப் போகிறவர்கள் அவள் சகோதரர்கள். அப்போது யார் யாருக்குக் கைக்கூலி கொடுப்பார்? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு நாடகத்துக்குக் காணும்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்நூலை எடுங்கள். ‘உம்மா’வை ‘அன்னை’ ஆக்காதீர்கள். ‘என்ட ராத்தா’ என்கிற பேச்சைச் சிரிப்புக் காட்டுவதற்கென்றும் வைக்காதீர்கள். மலையாளத்தில் பஷீர் அந்தப் பேச்சை எழுத்துக்குள் இருத்தினார். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மேடையில் அந்தப் பேச்சைப் பேசட்டும். கதைசொல்லிக்கு ஒரு கதிரை போடுங்கள். ஆடு கடைசியில் வந்தால் போதும்.